ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல மறைஞ்சிடும்... துக்கம்?

2024 ஜூலை 30-ம் தேதி உங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல என்ன வெச்சிருந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?

அன்று செவ்வாய்க்கிழமை. விடியும்போதே வயநாடு வீடியோக்கள் வர ஆரம்பித்துவிட்டன. சேறு, வீடு அளவுக்குப் பாறைகள், பெயர்ந்து கிடந்த மரங்கள், நடுவில் ஓர் ஊர் இருந்ததற்கான அடையாளமாக ஒன்றிரண்டு சுவர்கள். மதியத்துக்குள் நம்மில் பாதிப் பேர் கறுப்புப் பின்னணியில் மெழுகுவத்தி வைத்துவிட்டோம். உடைந்த இதய எமோஜி, வயநாட்டுக்காகப் பிரார்த்திப்போம் என்கிற ஹேஷ்டேக். சிலர் ஜிபே-யில் 100, 500 என்று அனுப்பினார்கள். மனசு நிஜமாகவே கனத்தது, அதில் பொய் இல்லை.

சரி, 2025 ஜூலை 30 அன்னைக்கு என்ன வெச்சிருந்தீங்க?

குத்திக்காட்டக் கேட்கலை. முதல் நாள் அழுதவர்கள் எல்லாம் நடித்தார்கள் என்று சொல்வது ரொம்ப சுலபம்; அது தப்பும்கூட. அன்று வந்த அழுகை உண்மைதான். ஆனால் அந்த அழுகைக்கு ஒரு நாள்தான் ஆயுள், அழவைத்த இழப்புக்கு வருஷக்கணக்கில் ஆயுள். இந்த இடைவெளியில்தான் துயரப்பட்டவர்கள் தனியாக நிற்கிறார்கள்.

முதல் வாரம் எப்படி இருந்தது என்பதை முதலில் நியாயமாகச் சொல்லிவிடுவோம். நள்ளிரவு தாண்டி முதல் சரிவு, விடிவதற்குள் அடுத்தது. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களைப் புரட்டிப் போட்டது. 250-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சூரல்மலையில் இருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டதால், முண்டக்கைப் பக்கம் சிக்கியவர்களை நெருங்கவே வழியில்லை. ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவு, மேஜர் சீதா ஷெல்கே முன்னிற்க, 190 அடி நீளத்துக்கு ஒரு பெய்லி பாலத்தை இரவு பகலாக நின்று ஆகஸ்ட் 1 மாலைக்குள் கட்டி முடித்தது. பாலம் வருவதற்கு முன்பே, நம் கூடலூரைச் சேர்ந்த ஒரு செவிலியர், பொங்கி ஓடும் ஆற்றுக்கு மேலே கட்டிய கயிற்றில் தொங்கியபடி அக்கரைக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்தார். தமிழக அரசு அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

இடுக்கியில் இருந்து ஒரு தம்பதி, தங்களுடைய இரண்டு சின்னக் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். தாயை இழந்த கைக்குழந்தைகள் இருந்தால் தாய்ப்பால் கொடுக்கத் தயார் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்கள். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எல்லாரும் அரிசியையும் போர்வையையும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த அம்மாவுக்குப் பச்சைக்குழந்தையின் பசி ஞாபகம் வந்திருக்கிறது. 'நான் என்ன தரலாம்' என்பதற்கு முன்னால் 'அங்கே என்ன இல்லாமல் போயிருக்கும்' என்று யோசித்தவர் அவர். (அந்தப் பதிவுக்குக் கீழேயும் போய் ஆபாசமாக கமென்ட் போட்டார்கள் சிலர். அந்த ஜென்மங்களைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுதுவது வீண்.)

அப்புறம் புத்துமலை. சாலியாறு அடித்துக்கொண்டு போன உடல்கள் பக்கத்து மாவட்டமான மலப்புரத்தின் நிலம்பூர் வரைக்கும் கரையொதுங்கின. பல, முழு உடலாகக்கூட இல்லை. அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். புத்துமலை யாரென்றால், 2019 ஆகஸ்டில் இதே மாதிரி ஒரு நிலச்சரிவில் 17 பேரைப் பறிகொடுத்த ஊர். இறந்தவர் எந்த மதம் என்று யாருக்கும் தெரியாது என்பதால் ஒவ்வொருவருக்கும் எல்லா மத வழிபாடும் நடந்தது. கல்லில் பெயருக்குப் பதிலாக எண். டி.என்.ஏ மாதிரியின் எண். ஒரு நாள் பெயர் தெரியவரும், அதுவரை இவர் யாரோ ஒருவருடைய அம்மாவோ, தம்பியோ என்று காத்திருப்பதற்கான எண்.

கேமரா போன பிறகு

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் உங்க ஃபீடிலும் வந்திருக்கும். வராத பகுதி இனிமேல்தான்.

வீட்டை இழந்த குடும்பங்களுக்கு அவசரச் செலவுக்கு என்று அரசு வங்கிக் கணக்கில் பணம் போட்டது. ஒரு கிராமிய வங்கிக் கிளையில், அந்தப் பணம் வந்த வேகத்தில் சிலருடைய பழைய கடனுக்கான இ.எம்.ஐ அதிலிருந்தே கழிந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்திருக்க மாட்டார்கள். தேதி வந்தது, கணக்கில் பணம் இருந்தது, எடுத்துக்கொண்டது. போராட்டம் வெடித்த பிறகு பணம் திரும்பி வந்தது. வீடும் போய், வீட்டுக்காரரும் போய், நிவாரணப் பணத்தையாவது எடுப்போம் என்று போன ஒருவருக்கு மெசேஜில் 'டெபிட்டட்' என்று வந்தால் எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் கருணை என்பது யாராவது ஒரு அதிகாரி முன்கூட்டியே யோசித்து, 'இந்த ஊர்க் கணக்குகளில் ஆட்டோ டெபிட்டை நிறுத்தி வையுங்கள்' என்று ஒரு வரி எழுதுவதாகத்தான் இருந்திருக்க முடியும்.

கேரள அரசின் கூட்டுறவு வங்கியான கேரளா வங்கி, தன் சூரல்மலைக் கிளையில் கடன் வாங்கி இறந்தவர்கள், வீடு இழந்தவர்கள் ஆகியோரின் கடனை ஆகஸ்டிலேயே தள்ளுபடி செய்தது. மற்ற வங்கிகளின் கடன்? அது கேரள உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் மத்திய அரசிடம் திரும்பத் திரும்பக் கேட்டது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் கடன் நிவாரணம் பற்றிப் பேசும் 13-வது பிரிவு இருந்தது. 2025-ல் வந்த திருத்தத்தில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டது. 2025 அக்டோபரில், கடனைத் தள்ளுபடி செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய அரசு சொன்னபோது நீதிபதிகள் கடுமையாகவே பேசினார்கள். நிலச்சரிவு நடந்து 14 மாதம் கழித்து! மண்ணுக்குள் போன கடையின் மேல் வாங்கிய லோனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்த 14 மாதங்கள்.

வீடு? மாதம் 6,000 ரூபாய் வாடகை உதவியில் குடும்பங்கள் ஆங்காங்கே சிதறின. கல்பற்றாவில் எல்ஸ்டன் எஸ்டேட் நிலத்தில் புதிய குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டியது 2025 மார்ச் 27-ல்தான். குடும்பத்துக்கு 7 சென்ட், 1,000 சதுர அடி வீடு. நல்ல திட்டம்தான். ஆனால் எந்த எஸ்டேட், யாருக்கு இழப்பீடு, யார் பட்டியலில் இருக்கிறார், யார் இல்லை என்று இழுபறியாகப் போன அந்த எட்டு மாதத்தில் எத்தனை நாள் அது உங்க போன்ல நோட்டிஃபிகேஷனா வந்தது?

வந்திருக்காது. ஏனென்றால் பட்டா, பயனாளிகள் பட்டியல், ரேஷன் கார்டு நகல், டி.என்.ஏ முடிவு இதையெல்லாம் ரீல்ஸ் போட முடியாது. பின்னணி இசை சேராது.

மனசு ஏன் இவ்வளவு சீக்கிரம் வடியுது?

இது ஜென்-ஸீ பிரச்னை இல்லை, போன் வந்ததால் வந்த வியாதியும் இல்லை. மனித மனசின் பழைய குறை. போன் அதை வேகப்படுத்தியிருக்கிறது, அவ்வளவுதான்.

2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் முகம் குப்புறக் கிடந்த ஆலன் குர்தி என்கிற சிரியக் குழந்தையின் படம் உலகையே உலுக்கியது. அதற்கு முன்பே சிரியப் போரில் லட்சக்கணக்கானவர்கள் இறந்திருந்தார்கள். உலகம் பெரிதாக அசையவில்லை. அந்த ஒரு படம் வந்ததும் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிரிய அகதிகள் நிதிக்கு வந்த நன்கொடை பல மடங்கு எகிறியது. சில வாரங்களில் மளமளவென்று இறங்கியது. போர் இறங்கவில்லை, அகதிகள் குறையவில்லை, நன்கொடை மட்டும் குறைந்தது. இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பால் ஸ்லோவிக் என்கிற அமெரிக்க உளவியலாளர். எண்ணிக்கை கூடக் கூட மனசு மரத்துப்போகிறது, ஒரு முகம் தெரிந்தால் துடிக்கிறது, அந்தத் துடிப்பும் நிலைப்பதில்லை என்பதைப் பல வருஷங்களாக எழுதி வருபவர்.

இன்னொரு ஆராய்ச்சி இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சியாளர் டானியா சிங்கர், மத்தியூ ரிக்கார் என்கிற பௌத்தத் துறவியை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்தார். (ரிக்கார் துறவியாவதற்கு முன் உயிரியலில் பிஎச்.டி முடித்தவர்.) பிறர் வலியை அப்படியே உள்வாங்கி உணருங்கள், வேறெதுவும் செய்யாதீர்கள் என்று சொன்னபோது கொஞ்ச நேரத்திலேயே அவர் சோர்ந்துபோனார். அதே வலியை நினைத்து, அவர்கள் நலமாக வேண்டும் என்ற அக்கறையோடு தியானிக்கச் சொன்னபோது சோர்வு போய், தெம்பு வந்தது. பிறகு சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதும் இதே வித்தியாசம். வலியை உள்ளே இழுத்துக்கொள்வது வேறு, வலிப்பவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று நகர்வது வேறு. முதலாவது நம்மைக் காலி பண்ணிவிடும்.

ஒரே இரவில் 60 பேரிடர் வீடியோ பார்த்துவிட்டு, தூக்கம் வராமல், மறுநாள் 'இனிமே நியூஸே பார்க்க மாட்டேன்பா' என்று முடிவெடுக்கிறோமே... அது கல்நெஞ்சம் இல்லை. தவறான வகைச் சாப்பாட்டை வயிறு முட்டத் தின்றதால் வந்த அஜீரணம்.

கொடுக்கறவங்க கணக்கு, வாங்கறவங்க கணக்கு

20 வருஷம் பின்னால் போகலாம். 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி போய் இறங்கியது. கிழிந்தது, கறைபட்டது, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தாத வகை உடைகள். தங்கள் உழைப்பில் கௌரவமாக வாழ்ந்த மீனவர்கள் அதைத் தொடவில்லை. சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் ஊறியது. கடலில் எல்லாம் போய் நிற்கும் ஒரு பெண்ணிடம் நீங்கள் தீபாவளிக்குக் கழித்துப் போட்ட சட்டையை நீட்டுகிறீர்கள். கொடுத்தவருக்கு பீரோ காலியானது, மனசும் லேசானது. வாங்கியவருக்கு?

வயநாட்டில் இதன் இன்னொரு வடிவம் வந்தது. தேடுதல் நடக்கும்போதே பார்க்க வருபவர்களின் கூட்டம். பேரிடரைச் சுற்றுலா ஆக்காதீர்கள், மீட்புப் பணிக்கு இடைஞ்சல் என்று கேரள காவல்துறையே வேண்டுகோள் விடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் பலர் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். 'நேர்ல பார்த்துட்டு வந்தேன்டா, மனசே சரியில்ல' என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் மனசு சரியில்லாமல் போவதற்காக ஒரு ஆம்புலன்ஸ் வழியில் காத்திருந்ததா என்பதுதான் கேள்வி.

உதவி செய்யணும்னு தோணும்போது ஒரே ஒரு நிமிஷம் நிறுத்தி, 'இதை நான் அவங்களுக்காகச் செய்யறேனா, என் மனபாரம் இறங்கறதுக்காகச் செய்யறேனா' என்று கேட்டுப் பார்க்கலாம். இரண்டாவதாக இருந்தாலும் பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்போது பொருளை அனுப்பாமல் பணமாக அனுப்புவது நல்லது. பணத்துக்கு அளவும் கிடையாது, கறையும் கிடையாது. அங்கிருப்பவருக்கு எது வேண்டுமோ அதுவாக மாறிக்கொள்ளும்.

கரூரும் கமென்ட் பாக்ஸும்

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை இரவு. கரூர் வேலுச்சாமிபுரத்தில் நடந்த த.வெ.க பிரசாரக் கூட்டத்தில் நெரிசல். 41 பேர் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள். யார் மேல் எவ்வளவு தப்பு என்பதற்கு விசாரணை இருக்கிறது. உச்ச நீதிமன்றம் அக்டோபர் 13-ல் வழக்கை சி.பி.ஐ-யிடம் கொடுத்தது. கேள்வி கேட்பதும் பொறுப்பு யாருடையது என்று துருவுவதும் இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதைதான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஆனால் அன்று இரவே, உடல்கள் மருத்துவமனையில் இருக்கும்போதே, இன்னொரு கேள்வியும் ஓடியது, நீங்களும் பார்த்திருப்பீங்க. 'குழந்தையைத் தூக்கிக்கிட்டு அங்க ஏன் போகணும்?' பெற்ற குழந்தையை இழந்த அம்மாவைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அடுத்த நாள் இழப்பீட்டுத் தொகையைக் கணக்குப் போட்ட கமென்ட்டுகள். அதற்கு லாஃபிங் எமோஜிகள்.

இதற்கும் உளவியலில் பெயர் உண்டு. மெல்வின் லெர்னர் என்பவர் 1960-களில் ஆராய்ந்தது. உலகம் நியாயமாகத்தான் நடக்கிறது, தப்பு செய்தவர்களுக்குத்தான் கெட்டது நடக்கும் என்று நம்ப நமக்கு ஆசை. அப்பாவி ஒருவர் கண்ணெதிரே துன்பப்பட்டால் அந்த நம்பிக்கை ஆடும். அதைச் சரிசெய்ய எளிய வழி, அந்த அப்பாவியிடமே ஒரு தப்பைக் கண்டுபிடிப்பது. 'அவங்க போனாங்க, நான் போக மாட்டேன். அதனால எனக்கு இப்படி நடக்காது.' கமென்ட் பாக்ஸில் தெரியும் கொடூரத்தில் பாதி, பயம். பயம் என்பதற்காக மன்னித்துவிடச் சொல்லவில்லை. அடுத்த முறை விரல் டைப் அடிக்கப் போகும்போது, உள்ளே நிற்பது கோபமா பயமா என்று பார்க்கலாம் என்கிறேன்.

எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, செத்துப்போன குழந்தையின் முகத்தை ப்ளர் பண்ணாமல் பகிர்வது விழிப்புணர்வு இல்லை. அந்தப் படம் பல வருஷம் கழித்து அந்தக் குழந்தையின் அக்கா போனில் ஏதோ ஒரு ஃபார்வர்டாக வந்து விழும்.

பாட்டிகளோட காலண்டர்

நம்ம ஊர் துக்க வீட்டுப் பழக்கங்களைக் கொஞ்சம் வேறு கண்ணால் பாருங்க. அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சாப்பாடு அக்கம்பக்கத்தில் இருந்து, சொந்தக்காரர் வீட்டில் இருந்து வரும். யாரும் 'சாப்பிடறீங்களா' என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, தூக்குவாளியில் வந்துவிடும். மூன்றாம் நாள் பால் தெளிப்பு. 16-ம் நாள் காரியம். நடுவில் கேதம் கேட்க, துட்டி கேட்க என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பல வீடுகளில் மாதாமாதம் ஒரு திதி. முதல் வருஷம் பொங்கல், தீபாவளி கிடையாது. வருஷம் திரும்பினால் திவசம். முஸ்லிம் வீடுகளில் 40-ம் நாள் ஃபாத்திஹா ஓதுவதுண்டு. கிறிஸ்தவர்களுக்கு நினைவுத் திருப்பலி, நவம்பர் 2 கல்லறைத் திருநாள்.

சாஸ்திரம், நம்பிக்கை எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். இதை வேறு மாதிரி படித்தால், இது ஒரு டைம்டேபிள். அழுதவர்களைப் போய்ப் பார்க்க வேண்டிய தேதிகளை முன்கூட்டியே குறித்து வைத்த டைம்டேபிள். துக்கம் மூன்றாம் நாள் ஒரு மாதிரி இருக்கும், 16-ம் நாள் வேறு மாதிரி இருக்கும், முதல் தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தத்தில் மறுபடி கிளம்பும் என்று யாரோ கவனித்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2022-ல்தான் 'நீடித்த துயரக் கோளாறு' என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதிலும் பெரியவர்களுக்கு ஒரு வருஷம் ஆன பிறகுதான் அப்படிச் சொல்லலாம் என்று விதி. அதாவது ஒரு வருஷம் வரை அழுவது வியாதிக் கணக்கிலேயே வராது. நாம் 'இன்னுமா அழுதுட்டு இருக்க? மூவ் ஆன் ஆகு' என்பதை எத்தனையாவது வாரத்தில் சொல்கிறோம்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதே துக்க வீட்டில்தான் கணவனை இழந்த பெண்ணைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்து, வளையலை உடைத்து, பூவைப் பிடுங்கினார்கள். சில இடங்களில் இன்னும் நடக்கிறது. அதை எந்த அர்த்தம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. பாட்டிகளிடம் இருந்து காலண்டரை மட்டும் வாங்கிக்கொள்வோம்.

கருணைக்குக் காலண்டர் போட்டதில் வள்ளலாரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் பாட்டு எல்லாருக்கும் தெரியும், மீம்ஸில்கூட வருகிறது. பாட்டோடு நிறுத்தியிருந்தால் அவரும் ஒரு ஸ்டேட்டஸ்தான். 1867 மே மாதம் வடலூரில் தருமச்சாலை தொடங்கி அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு இன்று வரைக்கும் அணையவில்லை. தினமும் சோறு போடுகிறார்கள். பசித்தவரைப் பார்த்து மனசு இளகுகிற நாளில் மட்டும் எரிகிற அடுப்பு இல்லை அது. இளகாத நாளிலும் எரியும்.

கும்பகோணத்தையும் சொல்ல வேண்டும். 2004 ஜூலை 16, பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் கருகினார்கள். அந்தப் பெற்றோர் ஒவ்வொரு ஜூலை 16-ம் கூடுகிறார்கள், பிள்ளைகளின் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். தீர்ப்பு வரவே பத்து வருஷம் ஆனது, 2014 ஜூலை 30. அத்தனை வருஷமும் கோர்ட் வாசலில் அவர்களோடு நின்றவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால், 2004-ல் தமிழ்நாடே அழுதது என்று சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

சரி, என்னதான் செய்யறது?

எல்லா ஊர் துயரத்தையும் தோளில் தூக்க முடியாது, தூக்கவும் வேண்டாம். வருஷத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேரிடர், ஒரு ஊர், ஒரு வழக்கு. அதை மட்டும் விடாமல் பின்தொடருங்கள். மாதம் ஒரு தடவை அந்த ஊர்ப் பெயரை கூகுள் செய்து பார்ப்பது போதும். வீடு கட்டியாச்சா, பட்டியலில் விடுபட்டவர்கள் என்ன ஆனார்கள், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? அந்தச் செய்தியைப் பகிருங்கள். முதல் நாள் வீடியோவைப் பகிர ஆயிரம் பேர் இருக்கிறார்கள், 14-வது மாதச் செய்தியைப் பகிர ஆளில்லை. கொடுக்க நினைக்கும் 600 ரூபாயை ஒரே நாளில் கொடுக்காமல் மாதம் 50 என்று ஒரு வருஷத்துக்குப் பிரித்தால், உங்கள் மனசும் அந்த ஊரோடு ஒரு வருஷம் இருக்கும்.

இனி, பக்கத்தில் நடப்பது. உங்க ஃபிரெண்டோட அப்பா இறந்துட்டார். குரூப்பில் 47 'ரிப்' விழுந்திருக்கிறது. 48-வதாக நீங்களும் ஒன்று போடுவதில் தப்பில்லை, ஆனால் அதை உதவியின் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். 'என்ன வேணும்னாலும் கேளுடா' என்பதும் அப்படித்தான். நல்ல மனசோடு சொல்வதுதான், ஆனால் வேலையை அவன் தலையிலேயே கட்டுகிறோம். அப்பா இறந்த பையன் எதைக் கேட்பான்? 'நான் கீழ நிக்கறேன், இறப்புச் சான்றிதழ் வாங்க உன் கூட வர்றேன்', 'ராத்திரி டிபன் நான் கொண்டு வர்றேன், அம்மாவுக்கு சுகர் இருக்கா', 'உன் ஷிஃப்ட்டை நான் பார்த்துக்கறேன்' இதுதான் இன்றைய தூக்குவாளி. கார்ப்பரேஷன் ஆபீஸ், வங்கியில் பெயர் மாற்றம், பி.எஃப் படிவம், கேஸ் கனெக்‌ஷன், அப்பா நம்பருக்கு வரும் ஓ.டி.பி... ஒரு சாவுக்குப் பின்னால் எவ்வளவு பேப்பர் இருக்கிறது என்பது, நம்ம வீட்டில் நடக்கும் வரை தெரியாது.

'கடவுள் நல்லவங்களைத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்', 'குறைந்தபட்சம் கஷ்டப்படாமப் போயிட்டார்' எல்லாம் வேண்டாம். சொல்ல ஒன்றும் வரவில்லை என்றால், சொல்ல ஒன்றும் வரவில்லை என்றே சொல்லலாம். இறந்தவரைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கும் சின்ன விஷயத்தைச் சொல்லலாம். 'ஒரு தடவை மழையில் நனைஞ்சு வந்தப்ப உங்கப்பா எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.' துக்கத்தில் இருப்பவர் இறந்தவரின் பெயரைக் கேட்க ஏங்குவார். நாம் தர்மசங்கடப்பட்டு அந்தப் பெயரையே தவிர்க்கிறோம்.

மாதக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் ஆறுதல் மட்டும் போதாது. 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். நம்பரை அனுப்பிவிட்டு நகராமல், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து டயல் பண்ணுங்க.

அப்புறம் அந்தக் காலண்டர். இறந்த தேதியைப் போனில் போட்டு, வருஷா வருஷம் ரிப்பீட் ஆகும்படி வையுங்க. அதோடு 16-ம் நாளுக்கு ஒன்று, மூணாவது மாசத்துக்கு ஒன்று, முதல் தீபாவளிக்கு முந்தின நாள் ஒன்று. போடும்போது வெறுமனே 'கால் பண்ணணும்' என்று எழுதாமல் யார், யாருடைய அப்பா, அவர் பெயர் என்ன என்று முழுசா எழுதி வையுங்க. அடுத்த வருஷம் காலையில் அது போனில் வந்து நிற்கும்போது, எதற்கு வைத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.